‘ஸெட் டு’ ஏன் ‘டோல்ட்’ ஆகிறது?

தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போனவர்களில் பெரும்பாலோர் ஆங்கில இலக்கணத்தில் ஒரு வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்திருப்பார்கள். நேர்க்கூற்றை அயற்கூற்றாக மாற்றும்போது ‘டுடே’ வந்தால் ‘தட் டே’, ‘டுமாரோ’ வந்தால் ‘த நெக்ஸ்ட் டே’, ‘ஸெட் டு’ வந்தால் ‘டோல்ட்’. மாற்றினால் மதிப்பெண், மாற்றாவிட்டால் சிவப்பு மை. ஏன் மாற்ற வேண்டும் என்று நான் கேட்டதில்லை, யாரும் சொன்னதுமில்லை. முப்பது வருடம் கழித்து, ஒன்பதாம் வகுப்பு படிக்கும் அண்ணன் மகள் தன் விடைத்தாளைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். ‘ஹீ ஸெட் மீ’ என்று எழுதியிருந்தாள். ‘ஸெட்’ மீது சிவப்பில் ஒரு சுழி.

“சித்தப்பா, இரண்டுக்கும் ‘சொன்னான்’ என்றுதானே அர்த்தம்? அப்புறம் இதை மட்டும் ஏன் தப்பு என்கிறார்கள்?”

நியாயமான கேள்வி. அகராதியும் அவள் பக்கம்தான் நின்றது. ‘ஸே’ என்றால் சொல், கூறு. ‘டெல்’ என்றால் சொல், கூறு, தெரிவி. ‘ஸ்பீக்’ என்றால் பேசு. ‘டாக்’ என்றால் அதுவும் பேசு. ஆங்கிலத்தில் நாள் முழுக்கப் புழங்கும் நான்கு வினைகளை இரண்டு மூன்று தமிழ்ச் சொற்களுக்குள் அடைத்துக் கொடுத்துவிட்டால், எதை எங்கே எடுப்பது என்று பிள்ளை திணறத்தான் செய்யும்.

ஒரே பொருளுள்ள சொற்கள் ஒரே வேலையைச் செய்வதில்லை என்பது நமக்கு ஒன்றும் புதிதல்ல. கொடுப்பதைக் குறிக்கும் ‘ஈ’, ‘தா’, ‘கொடு’ மூன்றையும் தொல்காப்பியம் தனியாக எடுத்துப் பேசுகிறது. தன்னைவிட உயர்ந்தவரிடம் கேட்பவன் ‘ஈ’ என்பான், சமமானவனிடம் கேட்பவன் ‘தா’ என்பான், தாழ்ந்தவனிடம் கேட்பவன் ‘கொடு’ என்பான் என்று பிரித்துவைக்கிறது. பொருள் ஒன்றே, யார் யாரிடம் கேட்கிறார் என்பதைப் பொறுத்துச் சொல் மாறுகிறது. ஆங்கிலத்தின் இந்த நான்கு வினைகளில் உயர்வு தாழ்வுப் பிரச்சினை இல்லை. ஆனால் ஒவ்வொன்றும் தன் பக்கத்தில் இன்னார்தான் உட்கார வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும். கல்யாணப் பந்தியில் இடம் மாறி உட்கார்ந்த சம்பந்தி மாதிரி, ஆள் மாறினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

உள்ளே போகுமுன் உச்சரிப்பு பற்றி ஒரு வார்த்தை. ‘ஸே’யின் இறந்தகால வடிவத்தை எழுத்துக்கூட்டிப் படித்தால் ‘ஸைட்’ என்று வாயில் வரும். சரியான ஒலி ‘ஸெட்’. ‘ஹீ’, ‘ஷீ’ ஆகியவற்றுக்குப் பின் வருவதும் ‘ஸேஸ்’ அல்ல, ‘ஸெஸ்’. ‘டாக்’ என்பதன் நடுவில் ‘எல்’ என்ற எழுத்து உண்டு, அது வாயே திறக்காது. நடப்பதைக் குறிக்கும் ‘வாக்’, கரும்பலகையில் எழுதும் ‘சாக்’ இரண்டிலும் அதே ஊமை எழுத்துதான். தமிழில் எழுதும்போது ‘டாக்’ நாயாகவும் படிக்கப்படும் ஆபத்து இருக்கிறது. இந்தக் கட்டுரையில் நாய் எங்கும் வராது என்று உறுதியளிக்கிறேன்.

முதலில் ‘ஸே’. அது கேட்பது வார்த்தையை. வாயிலிருந்து என்ன வந்தது என்பதில்தான் அதற்கு அக்கறை, யார் காதில் விழுந்தது என்பது அப்புறம். ‘ஹீ ஸெட் நோ’ என்றால் அவன் மாட்டேன் என்றான். ‘ஷீ ஸெட் ஷீ வாஸ் டயர்ட்’ என்றால் களைப்பாக இருக்கிறது என்றாள். கவனித்தீர்களா, இரண்டு இடத்திலும் தமிழில் ‘சொன்னான்’ தானாக வரவில்லை. ‘என்றான்’, ‘என்றாள்’ என்றுதான் வந்தது. ‘ஸெட்’ என்பதற்கு மிக நெருங்கிய தமிழ் அதுதான். அகராதிக்காரர்கள் ‘சொன்னான்’ என்று போடுவதற்குப் பதிலாக ‘என்றான்’ என்று போட்டிருந்தால் பாதிப் பிழைகள் குறைந்திருக்கும் என்பது என் கட்சி.

அண்ணன் மகளிடம் இதைத்தான் கேட்டேன். “நாளைக்கு வருகிறேன் என்றான் என்று சொல்லலாம். ‘அவன் என்னை என்றான்’ என்று சொல்வாயா?” சிரித்துவிட்டாள். ‘ஹீ ஸெட் மீ’ ஆங்கிலக்காரர் காதில் விழுவதும் ஏறக்குறைய அப்படித்தான். ‘ஸெட்’டுக்கு அடுத்து வார்த்தை உட்கார வேண்டிய நாற்காலியில் ஓர் ஆள் வந்து உட்கார்ந்துவிட்டார். ஆளைக் கட்டாயம் கொண்டுவர வேண்டுமானால் ‘டு’ என்று ஒரு முக்காலி போட்டு ஓரமாக உட்கார வைக்கலாம்: ‘ஹீ ஸெட் டு மீ’.

வாயிலிருந்து அப்படியே உதிரும் சொற்கள் எல்லாம் இதனால் ‘ஸே’ பக்கம்தான். ‘ஸே தேங்க்ஸ்’, ‘ஸே ஸாரி’, ‘ஸே குட்பை’. நம் வீடுகளில் குழந்தைகளிடம் ‘டெல் தேங்க்ஸ் டு அங்கிள்’ என்கிறோம். ‘நன்றி சொல்’ என்பதன் நிழல் அது. குழந்தை ‘தேங்க்ஸ்’ என்ற சொல்லையே உச்சரிக்கப் போகிறது, ஆகவே ‘ஸே தேங்க்ஸ்’.

இன்னொன்று, ‘ஸே’க்கு வாய் இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. எழுத்து எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் ஆங்கிலத்தில் அது ‘சொல்லும்’. ‘த நோட்டீஸ் ஸெஸ் நோ பார்க்கிங்’. ‘இட் ஸெஸ் இன் த பேப்பர்’. சுவர்க் கடிகாரம்கூடப் பத்து மணி என்று ‘சொல்லும்’. தமிழில் இந்த இடத்துக்கு நாம் வைத்திருக்கும் சொல் வேறு: பேப்பரில் போட்டிருக்கிறது, போர்டில் போட்டிருக்கிறது. இதை ஆங்கிலத்தில் சொல்லத் தெரியாமல் ‘இட் இஸ் ரிட்டன் இன் த பேப்பர்’ என்று சுற்றி வளைப்போம். இலக்கணப்படி தவறில்லை, ஆனால் கல்வெட்டைப் பற்றிப் பேசுவதுபோல் இருக்கும். ‘போட்டிருக்கிறது’ என்று நாக்கில் வந்தால் ‘இட் ஸெஸ்’ என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

ஊர் சொல்வதையும் ‘ஸே’தான் சுமக்கிறது. ‘தே ஸே இட் வில் ரெய்ன்’ என்றால் மழை வருமாம். அந்த ‘ஆம்’ என்ற ஒற்றை ஒட்டில் தமிழ் முடித்துவிடுவதை ஆங்கிலம் இரண்டு சொல் போட்டுச் செய்கிறது. பேச்சின் நடுவே ‘ஸே, டென் ருப்பீஸ்’ என்று வந்தால், பத்து ரூபாய் என்று வைத்துக்கொள்வோம் என்று பொருள். சொன்ன இடத்தில் நம் ஆள் பத்து ரூபாயை எடுத்துக் கொடுத்துவிடக் கூடாது.

இனி ‘டெல்’. இது கேட்பது ஆளை. யாரிடம் சொன்னாய் என்பது தெரியாவிட்டால் அதற்கு இருப்பே கொள்ளாது. ‘ஐ டோல்ட் மை மதர்’, ‘டெல் மீ’, ‘டோன்ட் டெல் எனிபடி’. ஆள் நேராக, நடுவில் எதுவும் இல்லாமல், வினையின் தோளை ஒட்டி உட்கார வேண்டும். நாம் விடும் பிழை அந்த இடைவெளியில்தான் நுழைகிறது: ‘ஐ டோல்ட் டு மை மதர்’. காரணம் வெளிப்படை. தமிழில் ‘அம்மாவிடம் சொன்னேன்’ என்கிறோம். அந்த ‘இடம்’ என்ற உருபு தனக்கொரு இடம் தேடுகிறது. கையில் கிடைத்த ‘டு’வைப் பிடித்துக்கொள்கிறது. இதைப் படிப்பறிவின்மை என்று கேலி செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். தாய்மொழியின் இலக்கணம் ஆழமாக வேரூன்றியவர்தான் இந்தப் பிழையைச் செய்ய முடியும்.

இப்போது அந்தப் பள்ளி வாய்ப்பாட்டுக்கு வருவோம். நேர்க்கூற்றில் மேற்கோள் குறிக்குள் ஆளின் வார்த்தைகள் அப்படியே இருக்கின்றன. வார்த்தை இருக்கிறது, ஆகவே ‘ஸெட்’. கேட்டவரைக் குறிக்க ‘டு’. அயற்கூற்றாக மாற்றும்போது வார்த்தைகள் கரைந்துபோய்ச் செய்தி மட்டும் மிஞ்சுகிறது. ஒருவர் தலையிலிருந்து இன்னொருவர் தலைக்குச் செய்தி மாறியது என்பதே இப்போது முக்கியம். அது ‘டெல்’ செய்யும் வேலை. அதனால்தான் ‘ஸெட் டு மீ’ இருந்த இடத்தில் ‘டோல்ட் மீ’ வருகிறது. மாற்றாமல் ‘ஹீ ஸெட் டு மீ தட்’ என்று எழுதினாலும் பெரிய குற்றமில்லை. ஆங்கிலக்காரர்களே சில நேரம் எழுதுகிறார்கள். ‘டோல்ட் மீ’ இயல்பாக இருக்கும், அவ்வளவுதான்.

ஆனால் வாய்ப்பாட்டைப் பாதி மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் எங்கே பார்த்தாலும் ‘ஸெட்’டை ‘டோல்ட்’ ஆக்கிவிடுகிறார்கள். ‘ஹீ டோல்ட் தட் ஹீ வாஸ் பிஸி’. அலுவலக மின்னஞ்சல்களில் தினமும் நான் பார்ப்பது இது. ஆளைக் காணோம். ஆள் இல்லாத இடத்தில் ‘டெல்’லுக்கு என்ன வேலை? ஒன்று ஆளைக் கொண்டுவாருங்கள், ‘ஹீ டோல்ட் மீ தட்’. இல்லையென்றால் ‘ஹீ ஸெட் தட்’ என்று விட்டுவிடுங்கள்.

இதற்குத் தமிழிலேயே ஒரு சோதனை இருக்கிறது. ‘வருகிறேன் என்று சொன்னார்’ என்றால் ‘ஸெட்’. ‘என்னை வரச் சொன்னார்’ என்றால் ‘டோல்ட்’, அதாவது ‘ஹீ டோல்ட் மீ டு கம்’. ‘வரச் சொன்னார்’, ‘எழுதச் சொன்னார்’, ‘காத்திருக்கச் சொன்னார்’ என்று வினைக்குப் பின்னால் ‘சொன்னார்’ ஒட்டிவந்தால் அது ஏவல். அங்கே ‘ஸெட்’ பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

ஏவல் என்றதும் ஒரு பழைய கதை நினைவுக்கு வருகிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், கோப்பு ஒன்றில் எங்கள் தலைமை அதிகாரியின் கையெழுத்து வேண்டியிருந்தது. பணிவாகத்தான் போய்க் கேட்டேன். பிறகு மேலாளருக்கு எழுதிய குறிப்பில் ‘ஐ டோல்ட் ஹிம் டு ஸைன்’ என்று போட்டுவிட்டேன். ‘கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறேன்’ என்பது என் மனதில் இருந்த வாக்கியம். தமிழில் அதில் எந்த அதிகாரமும் இல்லை. ஆங்கிலத்தில் அது நான் உத்தரவிட்டதாக ஆகிவிட்டது. மேலாளர் அந்தத் தாளை எடுத்து வந்து, “ஐயா எப்போது எங்கள் எல்லோருக்கும் மேலே போனீர்கள்?” என்று கேட்டார். ‘டோல்ட்’ இருந்த இடத்தில் ‘ஆஸ்க்ட்’ என்று போட்டிருந்தால் போதும். தமிழின் ‘சொன்னேன்’ வேண்டுகோளையும் கட்டளையையும் ஒரே பையில் போட்டுக்கொள்ளும். குரலும் முகமும் எது எது என்று பிரித்துக் காட்டும். ஆங்கிலத்தில் அந்தப் பிரிவினையை வினையே செய்துவிடுகிறது.

ஆள் இல்லாமல் ‘டெல்’ வரும் இடங்களும் இருக்கின்றன. உண்மை, பொய், கதை, நகைச்சுவைத் துணுக்கு, நேரம், எதிர்காலம்: ‘டெல் த ட்ரூத்’, ‘டெல் எ லை’, ‘டெல் எ ஸ்டோரி’, ‘டெல் எ ஜோக்’, ‘டெல் த டைம்’, ‘டெல் ஃபார்ச்சூன்ஸ்’. இவற்றை அப்படியே மனதில் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் ‘டெல்’லின் பூர்வீகத்தைத் தெரிந்துகொண்டால் இவை அத்தனை விநோதமாகத் தோன்றாது.

பழைய ஆங்கிலத்தில் ‘டெல்’லின் முன்னோர் ‘டெல்லன்’. அதற்கு எண்ணுதல் என்றும் பொருள், விவரித்தல் என்றும் பொருள். ஆங்கிலத்தின் ஒன்றுவிட்ட சகோதரியான டச்சு மொழியில் அந்தச் சொல் இன்றும் எண்ணுதல்தான். முன்னால் ஒரு ஒட்டைச் சேர்த்தால் கதை சொல்லுதல். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவதும், முதலில் இது நடந்தது, பிறகு அது நடந்தது என்று அடுக்குவதும் அந்தக் காலத்து மனதுக்கு ஒரே வேலையாகப் பட்டிருக்கிறது. ஆங்கிலத்தில் அந்தப் பழைய பொருள் செத்துவிட்டது என்று நினைத்தால், உங்கள் தெருமுனையில் அது உயிரோடு நிற்கிறது. ‘ஏடிஎம்’ என்பதன் நடு எழுத்து எதைக் குறிக்கிறது? ‘டெல்லர்’. வங்கிக் கவுன்ட்டரில் பணத்தை எண்ணிக் கொடுக்கும் ஊழியருக்கு ‘டெல்லர்’ என்று பெயர். ஆள் செய்த வேலையைத் தானே செய்யும் இயந்திரம் ‘ஆட்டோமேட்டட் டெல்லர் மெஷின்’. அது யாருக்கும் எதுவும் சொல்வதில்லை, எண்ணிக் கொடுக்கிறது. சில நாள் பணம் இல்லை என்று சொல்வதைத் தவிர.

பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் கீழவையில் வாக்கெடுப்பு நடக்கும்போது உறுப்பினர்களை எண்ணுபவர்களுக்கும் ‘டெல்லர்’ என்றே பெயர். பக்கத்துக்கு இரண்டு பேர். ‘ஆல் டோல்ட்’ என்றால் எல்லாம் சொல்லப்பட்டது என்று பொருள் இல்லை, மொத்தமாக எண்ணிப் பார்த்தால் என்று பொருள். ‘அன்டோல்ட் வெல்த்’ என்றால் எண்ணி மாளாத செல்வம். இதை ‘சொல்லப்படாத செல்வம்’ என்று தமிழாக்கம் செய்தால் வருமான வரிக்காரர்கள்தான் வருவார்கள்.

‘டெல்’லுக்கு இன்னொரு முகமும் உண்டு, அதை நாம் எளிதாகப் பிடித்துக்கொள்ளலாம். ‘ஐ கேன் டெல் ஃப்ரம் ஹிஸ் வாய்ஸ்’. குரலை வைத்தே சொல்லிவிடுவேன். நம் ‘சொல்லிவிடுவேன்’ இங்கே இம்மி பிசகாமல் பொருந்துகிறது; யாருக்கும் எதையும் அறிவிக்கவில்லை, கண்டுபிடித்துவிடுவேன் என்கிறோம். இரட்டைப் பிள்ளைகளில் யார் மூத்தவன் என்று ‘சொல்ல முடியவில்லை’ என்பதும் ‘கான்ட் டெல்’தான். ‘டைம் வில் டெல்’ என்றால் காலம்தான் பதில் சொல்லும். ஆனால் ‘டெல் ஆஃப்’ என்று வந்தால் எச்சரிக்கையாக இருங்கள். அது சொல்வதே அல்ல, திட்டுவது. கடிந்து சொல்வதற்குப் பழந்தமிழில் ‘கழறு’ என்று ஒரு தனிச் சொல்லே இருந்தது. இப்போது அதைத் தேர்வுக்குப் படிப்பவர்கள் மட்டும் வைத்திருக்கிறார்கள்.

‘ஸ்பீக்’, ‘டாக்’ இரண்டும் ‘பேசு’ குடும்பம். என்ன செய்தி போனது என்று இவை கவலைப்படுவதில்லை. வாய் திறந்ததா, ஒலி வந்ததா, எந்த மொழியில், யாரோடு என்பதுதான் இவற்றின் விவகாரம். அதனால் ‘ஹீ ஸ்போக் தட் ஹீ வாஸ் இல்’ என்று எழுத முடியாது. ‘உடம்பு சரியில்லை என்று பேசினார்’ என்று தமிழில் நெருடுவதுபோலவே அங்கும் நெருடும்.

மொழி என்றால் ‘ஸ்பீக்’. ஊர் ஊராகப் பலகை மாட்டியிருக்கும் ‘ஸ்போக்கன் இங்கிலீஷ்’ வகுப்புகளே அதற்குச் சாட்சி. ‘டாக்ட் இங்கிலீஷ்’ என்று எவரும் பலகை மாட்டுவதில்லை. தொலைபேசியும் ‘ஸ்பீக்’ கட்சிதான். இங்கே தமிழ் நமக்குக் கைகொடுக்கிறது. ‘யார் பேசுவது?’ என்று நாம் கேட்பதும் ‘ஹூ இஸ் ஸ்பீக்கிங்?’ என்று அவர்கள் கேட்பதும் அச்சு அசல் ஒன்று. பதிலில்தான் பாதை பிரிகிறது. ‘நான் முருகன் பேசுகிறேன்’ என்பதை ‘ஐ ஆம் முருகன் டாக்கிங்’ என்று ஆக்கிவிடுகிறோம். ‘திஸ் இஸ் முருகன்’ என்றால் போதும்; பெயருக்குப் பின்னால் ‘ஸ்பீக்கிங்’ என்று சேர்த்து ‘முருகன் ஸ்பீக்கிங்’ என்றாலும் அழகாக இருக்கும். ஆங்கிலத் தொலைபேசியில் ‘ஐ’ என்று தொடங்காமல் ‘திஸ்’ என்று தொடங்குவது ஏன் என்று கேட்டால், அது அவர்கள் வீட்டு வழக்கம் என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை.

இரண்டு பேருக்குள் சண்டை வந்து முகம் கொடுக்காமல் இருந்தால் ‘தே ஆர் நாட் ஸ்பீக்கிங்’. நமக்கும் அப்படித்தான், ‘அந்த வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லை’ என்போம். விநோதம் என்னவென்றால், அச்சில் ‘பேச்சுவார்த்தை’ என்று வந்தால் அது அரசுகளோ தொழிற்சங்கமோ நடத்துவது. அதற்கு ஆங்கிலத்தில் ‘டாக்’ பன்மையாகி ‘டாக்ஸ்’ என்று வரும்.

‘ஸ்பீக்’ கொஞ்சம் இஸ்திரி போட்ட சட்டை. ‘டாக்’ வீட்டில் கட்டும் லுங்கி. மேடையில் நடப்பது ‘ஸ்பீச்’, திண்ணையில் நடப்பது ‘டாக்’. ‘ஐ வான்ட் டு ஸ்பீக் டு த மேனேஜர்’ என்று ஒருவர் கடையில் சொன்னால் புகார் ஒன்று வரப்போகிறது என்று ஊழியருக்குப் புரிந்துவிடும். ‘டாக்’கில் பரிமாற்றம் இருக்கிறது, இரண்டு பக்கமும் வாய் அசைகிறது. ஒருவர் மட்டும் மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தால் அதற்கு ‘ஸ்பீக்’ பொருந்தும்; நம் மேடைகளுக்கு அந்தச் சொல்தான் தேவைப்படும்.

எல்லா ‘ஸ்பீக்’கிலும் பேச்சு இருக்கும் என்றும் நம்பிவிட முடியாது. சபாநாயகருக்கு ஆங்கிலத்தில் ‘ஸ்பீக்கர்’. சபையிலேயே விவாதத்தில் கலந்துகொண்டு பேசாதவர் அவர் ஒருவர்தான். பிறகு ஏன் அந்தப் பெயர்? இங்கிலாந்தில் சாமானியர் சபையின் கருத்தை அரசர் முன்னிலையில் போய்ப் பேசுவதற்கு ஓர் ஆள் தேவைப்பட்டார். 1377இல் தாமஸ் ஹங்கர்ஃபோர்டு என்பவர் அந்தப் பட்டத்தோடு பதிவாகியிருக்கிறார். அரசருக்குப் பிடிக்காத செய்தியைக் கொண்டுபோவது அந்த நாளில் கழுத்துக்கு ஆபத்தான வேலை. பதவிக்குத் தேர்வாகும் உறுப்பினரைச் சக உறுப்பினர்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவது, அவர் வர மறுப்பதுபோல் நடிப்பது என்ற சடங்கு அங்கே இன்னும் நடக்கிறது. வேலை மாறிவிட்டது, பெயர் ஒட்டிக்கொண்டது.

‘டாக்’கின் கதை இன்னும் சுவையானது. ஆங்கிலத்தில் கதைக்கு ‘டேல்’ என்று ஒரு சொல் உண்டு. ‘டெல்’, ‘டேல்’, ‘டாக்’ மூன்றும் ஒரே வேரில் கிளைத்தவை என்று சொற்பிறப்பு நூல்கள் காட்டுகின்றன. கதைக்கான சொல்லும் பேசுவதற்கான சொல்லும் ஒரு தாய் பிள்ளைகளாவது எப்படி என்று யோசிக்க வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்துக்காரர் யாரையாவது கேளுங்கள். ‘நேற்று அவரோடு கதைத்தேன்’ என்பார்; பேசினேன் என்று அர்த்தம். கதையிலிருந்து கதைத்தல். இந்த இரண்டு மொழிகளுக்கும் இந்த விஷயத்தில் தொடர்பு எதுவும் இல்லை, ஆனாலும் பேச்சைக் கதையோடு முடிச்சுப் போட்டுவிட்டன. ஈழத் தமிழருக்கு ‘டாக்’ என்ற சொல்லை விளக்கத் தனி வகுப்பே வேண்டாம். ‘கதை’ என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம். நம் பக்கத்திலும் ‘டாக்’ வேறு வழியாக நுழைந்திருக்கிறது. 1931இல் தமிழில் பேசும் படம் வந்தது. அதற்கு ஆங்கிலத்தில் ‘டாக்கி’. ஊர்க் கொட்டகைகள் தங்கள் பெயரோடு ‘டாக்கீஸ்’ என்று சேர்த்துக்கொண்டன. படம் பேசுவது அதிசயமில்லாமல் போன பிறகும் பல கொட்டகைகளில் அந்தப் பலகை மட்டும் இறங்கவில்லை.

‘டாக்’ பேச்சின் சக்தியையும் காட்டும், வெறுமையையும் காட்டும். ‘ஷீ டாக்ட் மீ இன்டு இட்’ என்றால் பேசிப் பேசியே சம்மதிக்க வைத்துவிட்டாள். ‘டாக் பேக்’ என்றால் எதிர்த்துப் பேசுவது. ‘ஆல் டாக்’ என்றால் வெறும் வாய்ச்சவடால். ‘ஸ்மால் டாக்’ என்பதற்குச் சின்னப் பேச்சு என்று பொருள் கொள்ளாதீர்கள். வானிலை பற்றி ஆங்கிலேயர்கள் பேசிக்கொள்வார்களே, அது. நம் ஊரில் அதன் வேலையை ‘சாப்பிட்டாச்சா?’ செய்கிறது. கேட்டவர் இலை போடப் போவதில்லை.

நான்கு பேரும் இப்படி இருக்க, இவர்களுடைய தூரத்து உறவினர்கள் கூட்டமாக இருக்கிறார்கள். ‘இன்ஃபார்ம்’ என்பது ‘டெல்’லின் அலுவலகப் பதிப்பு, அதற்கும் ஆள் நேராக வேண்டும், ‘டு’ கூடாது. ‘எக்ஸ்ப்ளெய்ன்’ நேர் எதிர். ‘டெல் மீ’ சரியாக இருப்பதால் ‘எக்ஸ்ப்ளெய்ன் மீ’யும் சரி என்று நினைத்துவிடுகிறோம், அங்கே ‘எக்ஸ்ப்ளெய்ன் டு மீ’ என்று ‘டு’ கட்டாயம். ஒருவருக்கு ‘டு’ ஆகாது, இன்னொருவருக்கு ‘டு’ இல்லாமல் ஆகாது. பழகித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ‘டிஸ்கஸ் அபவுட்’ என்பது நம்மவர்களின் தேசியப் பிழை. ‘பற்றி’ என்பது ‘டிஸ்கஸ்’ வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. ‘டாக் அபவுட்’ என்று சொல்லிப் பழகிய நாக்கு இங்கும் ‘அபவுட்’ சேர்க்கிறது. ‘மென்ஷன்’ என்பதற்கும் அதே கதி. அரசு அலுவலகக் கடிதங்களில் வரும் ‘கைண்ட்லி இன்டிமேட்’ என்பதைப் பிழை என்று சொல்ல முடியாது. ஆனால் எழுத்து மாறாமல் ஒலி மட்டும் மாறினால் அதே சொல் ‘அந்தரங்கமான’ என்ற பொருள் தரும். ஆகவே வெளிநாட்டுக்காரருக்கு எழுதும்போது ‘லெட் மீ நோ’ என்று எழுதிவிடுவது பாதுகாப்பு.

கவனமாகக் கையாள வேண்டியவை வேறு சில. ‘க்ளெய்ம்’ என்றால் சொன்னார் என்றுதான் பொருள். ஆனால் நான் நம்பவில்லை என்று எழுதுபவர் கண்ணடிக்கிறார். ‘அட்மிட்’ என்றால் சொன்னார், ஆனால் ஏதோ குற்றம் இருந்தது. ‘பாயின்ட் அவுட்’ என்றால் சொன்னார், சொன்னது உண்மைதான். ஒரு அமைச்சர் விலை குறைந்திருக்கிறது என்று சொன்னதை மூன்று செய்தியாளர்கள் இந்த மூன்று வினைகளால் எழுதினால் மூன்று செய்திகள் கிடைக்கும். நல்ல ஆங்கிலப் பத்திரிகையாளர்கள் சலிக்காமல் ‘ஸெட்’, ‘ஸெட்’ என்றே எழுதுவதற்கு இதுதான் காரணம். அது எந்தப் பக்கமும் சாயாது, கண்ணை உறுத்தாது. நம் நாளிதழ்களில் ‘கூறினார்’ முதல் பத்தியில் வந்தால் அடுத்த பத்தியில் ‘தெரிவித்தார்’, அதற்கடுத்து ‘குறிப்பிட்டார்’ என்று மாற்றிப் போடுவது வழக்கம். பள்ளியில் ஒரு சொல்லைத் திரும்பப் பயன்படுத்தாதே என்று கற்றுக்கொடுத்த பழக்கம் அது. ஆங்கிலத்தில் அதே கையைப் போட்டு ‘ஸெட்’டுக்குப் பதில் ‘க்ளெய்ம்ட்’ என்று மாற்றினால், அமைச்சரைப் பொய்யராக்கிவிடுவீர்கள். ‘ஸெட்’ எத்தனை முறை வந்தாலும் வரட்டும்.

அண்ணன் மகளுக்கு இவ்வளவும் சொல்லவில்லை. ‘என்றான்’ என்றால் ‘ஸெட்’, ஆள் பக்கத்தில் வந்தால் ‘டோல்ட்’, மொழி என்றால் ‘ஸ்பீக்’, அரட்டை என்றால் ‘டாக்’. அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. விடைத்தாளை மடித்துப் பையில் வைத்தாள். கிளம்பும்போது அவளே வாசலில் நின்று ஒரு கேள்வி போட்டாள்.

“சித்தப்பா, ‘அப்பாவைக் கேட்டதாகச் சொல்’ என்று எப்போதும் சொல்லி அனுப்புவீர்களே, அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?”

யோசித்தேன். ‘டெல் தட் ஐ ஆஸ்க்ட் ஃபாதர்’ என்றால் அப்பாவிடம் நான் என்னத்தைக் கேட்டேன் என்று ஆங்கிலக்காரர் காத்துக்கொண்டிருப்பார். அவர்கள் சொல்வது ‘டெல் ஹிம் ஐ ஸெட் ஹலோ’. அவளே விரல் விட்டுப் பார்த்தாள்: ஆள் இருக்கிறார், அதனால் ‘டெல்’; ‘ஹலோ’ வாயிலிருந்து வந்த சொல், அதனால் ‘ஸெட்’.

“சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் சித்தப்பா, நீங்கள் ஹலோ என்று சொல்லவே இல்லையே?”

“கேட்கவும்தான் இல்லை. கேட்டதாகச் சொல்.”